புகை வந்த பிறகும் உட்கார்ந்திருந்த மிஸ்டர்

நவம்பர் 4, சனி

மூடுபனி. ரூம் வாசலில் நின்றால் எதிர் கோடவுன் தெரியவில்லை. அல் கூஸ் தொழிற்பேட்டையில் பார்க்க வேறென்ன இருக்கிறது, தெரியாவிட்டால் நஷ்டமில்லை. வண்டிக் கண்ணாடி துடைக்கத் துடைக்க வியர்க்கிறது. வைப்பர் ரப்பர் மாற்றவேண்டும் (போன வாரமும் இதையே எழுதினேன்).

நேற்றும் எங்கள் ஃபுட்பால் கிளப் தோல்வி. தொடர்ந்து நான்கு. கடைசி நேரத்தில் இரண்டு கோல் வாங்கினார்கள். கேலரியில் இருந்த கொஞ்ச நஞ்சப் பேரும் அதற்கு முன்பே எழுந்து போயாயிற்று.

கிளப்பில் எனக்கு ஒரே டூட்டி, கோச்சுக்கு வண்டி ஓட்டுவது. கோச் ஸ்பெயின்காரர். பிளேயர்கள் எல்லாரும் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் நாட்டில் கோச்சுக்கு அதுதான் பெயராம். ஆகஸ்ட் மாத வெயிலில் கம்பளிக் கோட்டோடு விமானம் விட்டு இறங்கினார். இந்த மனிதர் இங்கே வெந்து போவார் என்று அன்றே நினைத்தேன்.

இவருக்கு முன்னால் இரண்டு கோச்சுகளை ஓட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் பின் சீட், இரண்டு பேரும் என் பெயர் கேட்டதில்லை. இவர் முதல் நாளே முன் சீட்டில் ஏறினார். பந்து ஆடுவாயா என்றார். காயல்பட்டினத்தில் எங்கள் தெரு டீமுக்கு ரைட் பேக் என்றேன். சிக்னலில் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பின்னால் ஹாரன்.

இன்று காலை இறங்கும்போது, “நாலாம் நம்பர் பையன் பந்தையே பார்க்கிறான். ஆளைப் பார்க்கமாட்டேன் என்கிறான்” என்றார். நான்தான் பின்லைன் ஆடித் தோற்றவன் மாதிரி, “ஸாரி மிஸ்டர்” என்றேன்.

வாங்க வேண்டியவை: சோப்பு, போன் கார்டு, வைப்பர் ரப்பர்.

நவம்பர் 5, ஞாயிறு

வெயில் பரவாயில்லை. ஏ.சி. குறைத்து வைத்தேன்.

மெட்ரோவுக்குத் தூண் நடுகிறார்கள் என்று ரோட்டை மறுபடி மாற்றிவிட்டார்கள். நெரிசலில் வண்டி நகரவே இல்லை. மிஸ்டருக்குப் பேச்சு வந்தது. எங்கள் இருவர் இங்கிலீஷும் ஒரே அளவு நொண்டி, அதனால் தடையில்லாமல் புரிகிறது.

அவர் ஊரில் ஓடு சுடும் தொழிற்சாலைகள்தானாம். காலையில் ஓட்டுக் கோடவுனில் பெட்டி தூக்குவார், சாயங்காலம் பந்து. மூன்றாம் டிவிஷன். ஸ்டாப்பர் பேக். மைதானத்தில் புல்லே கிடையாது, விழுந்தால் தொடைத்தோல் போய்விடும். முப்பது வயதுக்கு மேல் ஒரே ஒரு சீசன் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினார், அதில் முழங்கால் போயிற்று. அப்புறம் சின்னப் பையன்களுக்குக் கோச். அப்புறம் ஒருத்தருக்கு உதவிக் கோச், பயிற்சிக்குக் கூம்புகளை அடுக்கிப் பொறுக்குகிற வேலை. அப்புறம் ஒரு ஒன்றுமில்லாத டீமை நாலாம் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினாராம். அதோடு நின்றது. மேல் டிவிஷன் என்பதை டிவியில்தான் பார்த்திருக்கிறார்.

“இதுதான் முதல் முறை. என் தலைக்கு மேல் இன்னொரு டிவிஷன் இல்லை” என்று கையைக் கூரையில் தட்டிக் காட்டினார். கூரை விளக்கு மூடி கையோடு வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம்.

வீட்டுக் கதையும் சொன்னார். மனைவி பிலார், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தர வேலை, பரீட்சை எழுதி வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது. விட்டால் திரும்பக் கிடைக்காது. மகள் லூசியா, எட்டு வயது. அடுத்த ஞாயிறு இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. வந்து பார்த்துவிட்டுத் திரும்புவதா, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரேயடியாக வந்துவிடுவதா, அதுதான் கேள்வி. புதன்கிழமைக்குள் இவர் பதில் சொல்லவேண்டும்.

“நீ என்ன சொல்கிறாய்?” என்றார் என்னிடம்.

நான் சொல்வதா? பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒரு மாசம் குடும்பம் நடத்துகிறவன் நான். “வரச் சொல்லுங்க மிஸ்டர்” என்றுதான் வாயில் வந்தது. சொல்லியும் விட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

தலைவலி. ஏர்போர்ட் டூட்டி.

முதீர் (கிளப் மேனேஜர், சூடான்காரர், நல்ல மாதிரிதான்) காலையில் கூப்பிட்டு, ஒருத்தரை ஏற்றிக்கொண்டு கடலோர ஓட்டலில் விடு என்றார். அட்டையில் பெயர் எழுதவா என்றேன். வேண்டாம், ஓட்டல் பெயரை மட்டும் எழுது என்றார். பெயர் இல்லாமல் யாரையும் நான் இதுவரை ஏற்றியதில்லை.

வந்தவர் பிரேசில்காரர். பின் சீட். கூலிங் கிளாஸ். ஏறி உட்கார்ந்ததும், “நாலாம் நம்பர் பையன் ஓட்டத்தில் மெதுவா?” என்று கேட்டார்.

தெரியாது சார், நான் டிரைவர் என்றேன். ஓட்டல் வரும்வரை கண்ணாடியில் அவரைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்ததும் முதீர் கதவைச் சாத்தினார். உருதுவும் அரபியும் கலந்து பேசுவார். “பாய், அந்தாள் அடுத்த வாரம் டீமை எடுத்துக்குவார். கையெழுத்து ஆயிடிச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. மாஃபி கலாம்.” பேச்சே கூடாது என்று அர்த்தம். அப்புறம் சிரித்தபடி, “டிசம்பர்ல உனக்கு லீவு, இல்லையா? பாஸ்போர்ட் என் அலமாரியிலதான் பத்திரமா இருக்கு” என்றார்.

மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். எனக்கு முன்னால் இந்த வண்டி ஓட்டியவர் ஒரு பட்டாணியர். அப்போதைய கோச்சிடம் இப்படி ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொன்னார். அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் தொங்கவிட்ட தஸ்பீஹ் மணிமாலை இன்னும் என் கண்ணாடியில் ஆடுகிறது.

சாயங்காலம் மிஸ்டரை ஏற்றினேன். பின் சீட்டில் பிரேசில்காரர் விட்டுப்போன தண்ணீர் பாட்டில். மிஸ்டர் அதைப் பார்த்து, “விருந்தாளியா?” என்றார். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

நவம்பர் 7, செவ்வாய்

இரவு தூக்கம் வரவில்லை. காலையில் பாத்ரூம் வரிசையில் நின்றபடியே முருகேசனிடம் சொன்னேன். எனக்குக் கீழ்க்கட்டில், பெரம்பலூர்க்காரன், சைட்டில் கம்பி கட்டுகிறான். பந்தா பேட்டா என்று தெரியாது. அவனிடம் சொன்னால் வெளியே போகாது.

“சொல்லிப்புட்டு என்ன பண்ணுவ பாய்? அவுரு வெள்ளக்காரரு. இங்க போனா அங்க. நீ போனா எங்க போவ?” என்றான்.

“அந்தம்மா வேலைய விட்டுட்டு வருது முருகேசு. கவர்மெண்டு வேல.”

கவர்மெண்டு வேலை என்றதும் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டான். “அட பாவமே” என்றான். பிறகு அவன் முறை வந்தது, உள்ளே போய்விட்டான்.

மதியம் மிஸ்டர் ஓடி வந்து வண்டியில் ஏறினார். முகமெல்லாம் பல். நாளை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அர்பாப் வீட்டில் விருந்து. அர்பாப் என்றால் கிளப்பின் தலைவர், எங்கள் எல்லாருக்கும் முதலாளி. “நாலு தோல்விக்குப் பிறகும் கூப்பிடுகிறார். என் ஊரில் கல்லால் அடிப்பார்கள்” என்றார். விருந்தில் அர்பாப் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்துவிட்டு மனைவிக்குப் பதில் சொல்லப்போகிறாராம். என்ன சட்டை போடலாம் என்றும் கேட்டார்.

முதீரிடம் போய், எதற்கு இந்த விருந்து என்று கேட்டேன். அர்பாப் யாரையும் சோறு போடாமல் அனுப்பமாட்டார், பெரிய மனுஷர் என்றார். உண்மைதான். போன தடவை அனுப்பிய கோச்சுக்கும் போட்டார். அவருக்கு விஷயம் முன்பே தெரியும், தின்றுவிட்டுப் போனார்.

இஷா தொழுதுவிட்டு வீட்டுக்குப் போன். “லீவு உறுதிதானே? புள்ள நீங்க வாற நாள காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்குதுங்க. அத தொடவே விட மாட்டேங்குது” என்றாள். உறுதி என்றேன். கார்டு தீர்ந்து பாதியில் அறுந்தது.

நவம்பர் 8, புதன்

காற்று. மணல். கழுவிய வண்டியை மறுபடி கழுவினேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மிஸ்டர் ஆகஸ்டில் போட்டு வந்த அதே கோட். அர்பாப் வீட்டு மஜ்லிஸ் பெரிய கூடம், சுவரோரம் சுற்றிலும் மெத்தை. நான் வாசல் பக்கம், செருப்புகளுக்கு அருகில், காவா (அரபிக் காபி) ஊற்றும் ஆளோடு நின்றேன். எல்லாம் தெரிந்தது. முழு ஆடு வந்தது. அர்பாப் தன் கையாலேயே கறி பிய்த்து மிஸ்டர் முன் வைத்தார். மிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார், பார்த்தாயா என்கிற மாதிரி. நான் தரையைப் பார்த்தேன்.

கை கழுவி, காவா குடித்து, கடைசியில் தூபக்கால் வந்தது. அகில் கட்டைப் புகை. இந்த நாட்டில் யார் வீட்டிலும் அதுதான் கடைசி. புகை வந்துவிட்டால் விருந்து முடிந்தது, அதை வாங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். போ என்று வாயால் சொல்லமாட்டார்கள், அது மரியாதை இல்லை. தாடிக்கும் தலைத்துணிக்கும் புகை காட்டிவிட்டு எல்லாரும் எழுந்தார்கள். மிஸ்டரும் மற்றவர்களைப் பார்த்துக் கோட்டைத் திறந்து உள்ளே புகையை வாங்கிக்கொண்டார். அழகாகத்தான் செய்தார்.

பிறகு உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் காவாக் கிண்ணங்களைக் கம்பளத்தில் வரிசையாக அடுக்கினார். நாலு கிண்ணம் பின்லைன். பேரீச்சங்கொட்டைகள் எதிர் டீம். நாலாம் நம்பர் பையனை எப்படித் திருத்தப்போகிறார், ஜனவரிக்குள் டீம் எப்படி மாறும் என்று ஆரம்பித்தார். பாதி எழுந்திருந்த அர்பாப் மறுபடி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். முதீர் நெற்றியைத் துடைத்துத் துடைத்து மொழிபெயர்த்தார். அர்பாப் சிரித்த முகம் மாறாமல் தலையாட்டிக் கேட்டார். அவ்வளவு நேரம் அவரிடம் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். என் பக்கத்தில் காவா ஊற்றும் மலையாளி, “இயாளு எணீக்கில்லே?” என்று முணுமுணுத்தான். இந்த ஆள் எழுந்திருக்கமாட்டாரா என்று அர்த்தம்.

முதலாளி கண் காட்ட, தூபக்கால் இரண்டாவது முறை வந்தது. என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. மிஸ்டர் மகிழ்ந்து போய் மறுபடி கோட்டைத் திறந்தார். அப்போதுதான் அர்பாப் எழுந்து, அவரைத் தோளோடு அணைத்து, இங்கத்து வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்தார். அந்த அணைப்பில் கள்ளம் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன்.

வண்டியில் ஏறியதும், “மற்றவர்களுக்கு ஒரு தடவை. எனக்கு இரண்டு தடவை! பார்த்தாயா?” என்றார். கையில் போன்.

 எப்படியோ சொன்னேன். “மிஸ்டர், அந்தப் புகை வந்தால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அர்த்தம்.”

விழுந்து விழுந்து சிரித்தார். “ஐயோ, அப்போது நான் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேனா? இருந்தும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தாரே, எவ்வளவு பெரிய மனுஷர்!”

“மேடம் முதலில் வந்து பார்க்கட்டுமே மிஸ்டர். வேலையை அப்புறம் விடலாமே.”

“நீதானே வரச்சொல் என்றாய்?” என் தோளில் தட்டினார். “நீ ரைட் பேக். எப்போதும் முதுகுக்குப் பின்னால் பந்து போய்விடும் என்று பயம். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான் மூன்றாம் டிவிஷனிலேயே கிடந்தேன்.”

எண் அமுக்கினார். இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அலமாரி, பாஸ்போர்ட், காலண்டரில் வட்டம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து வாயை மூடின. அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது ஸீ, ஸீ மட்டும். சரி, சரி.

வண்டி முழுக்க அகில் வாசம். கண்ணாடியை இறக்கினேன், மணல் அடித்தது, ஏற்றினேன்.

நவம்பர் 9, வியாழன்

மேடம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். லூசியாவுக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழும் வாங்கியாயிற்று. மிஸ்டர் காலையில் ஏறும்போதே சொன்னார். இங்கே நல்ல பள்ளிக்கூடம் எது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

இன்று வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வைப்பர் ரப்பர் மாற்றினேன்.

நவம்பர் 10, வெள்ளி

ஜும்ஆ தொழுகையில் துஆ கேட்டேன். எனக்காக இல்லை. பந்தாட்டத்துக்குத் துஆ கேட்பது சரியா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

ஜெயித்தோம்!! மூன்றுக்குப் பூஜ்யம். நாலாம் நம்பர் பையன் பந்தைப் பார்க்கவே இல்லை, எதிராளியின் இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டான். மிஸ்டர் எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளே ஓடி அவனைத் தூக்கினார், அந்த முழங்காலோடு. பிறகு ஓடி வந்து என்னையும் கட்டிப்பிடித்தார். பிளேயர்கள் பாட்டு. அர்பாப் மகன் கைதட்டினார். முதீர் கூடக் கைதட்டினார்.

ஜெயித்தவனை யாராவது அனுப்புவார்களா? மாட்டார்கள். இன்று நன்றாகத் தூக்கம் வரும்.

முருகேசன் கோழி வாங்கிக் குழம்பு வைத்தான். “உன் மிஸ்டர் தப்பிச்சாரா?” என்று கரண்டியோடு வந்து கேட்டான். தப்பிச்சாரு என்றேன்.

நவம்பர் 11, சனி

தப்பவில்லை.

காலையிலேயே முதீர் ரூமுக்குப் போய் நின்றேன். நானாக அவர் கதவைத் தட்டியது இதுதான் முதல் தடவை. “முதீர் சாப், ஜெயிச்சிட்டாரே” என்றேன்.

“கலாஸ், முடிஞ்சது பாய். பிரேசில்காரன் கையெழுத்துப் போட்டது போட்டதுதான். நாளைக்குக் காலைல சொல்றோம்.”

“நாளைக்கு மேடமும் குழந்தையும் வர்றாங்க. அவங்க கிளம்பறதுக்கு முன்னாடி இன்னைக்கே சொல்லிடுங்களேன்.”

“அர்பாப் வேட்டைக்குப் போயிருக்கார். காலைலதான் வருவார். அவர் இல்லாம நான் எப்படிச் சொல்றது?”  பிறகு, “கிளப் வீட்டை ஒரு மாசம் அவர் வெச்சுக்கட்டும்னு கேட்டு வாங்கியிருக்கேன். என்னால ஆனது அவ்வளவுதான். என் பாஸ்போர்ட்டும் ஒரு அலமாரியிலதான் இருக்கு” என்றார்.

அவர் மேல் கோபப்படப் போனேன், அதுவும் முடியவில்லை. சலாம் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மிஸ்டரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். மகளுக்கு மெத்தை விரிப்பு வாங்கினார், பந்து பந்தாகப் படம் போட்டது. எந்த நிறம் என்று என்னைக் கேட்டார். நீலம் என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு

லேசான தூறல். இந்தப் பருவத்தில் முதல்.

காலை ஒன்பதுக்கு ஆபீஸில் இறக்கினேன். கோட் போட்டிருந்தார், மத்தியானம் ஏர்போர்ட் போகவேண்டுமே என்று. உள்ளே போனவர் சீக்கிரமே வெளியே வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் சாவியைத் திருகவில்லை. மேடம் அந்நேரம் விமானத்தில் இருப்பார்.

“உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?” என்றார்.

“திங்கட்கிழமை, மிஸ்டர்.”

“புதன்கிழமை நான் போன் பண்ணும்போது?”

“தெரியும்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியில் தூறலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உன் லீவ் டிசம்பரில்தானே?” என்றார். எப்போதோ பேச்சோடு பேச்சாக நான் சொன்னது. ஆமாம் என்றேன். தலையாட்டினார். என்னால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. இறங்கி, டயரில் காற்று பார்ப்பது போல ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

ஏர்போர்ட்டில் கதவு திறப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்தார். “இன்று அவளுக்கு ஒன்றும் தெரியவேண்டாம். அவள் தூங்கி எழட்டும். நாளைக்கு நானே சொல்கிறேன்.” பிறகு கிளப்பில் கற்றுக்கொண்ட அரபியில், “மாஃபி கலாம்” என்றார்.

சரி மிஸ்டர் என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டு தள்ளுவண்டி நிறையப் பெட்டிகள். சமையல் பாத்திரம்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தை கிளப் ஜெர்ஸியோடு ஓடி வந்து அப்பாவின் கழுத்தில் தொங்கியது. பிறகு இறங்கி, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இங்கிலீஷில், “நீங்கதானே அந்த ரைட் பேக்?” என்றது. போனில் சொல்லியிருக்கிறார்.

மேடத்துக்கு இங்கிலீஷ் எங்கள் இருவரையும்விட நன்றாக வருகிறது. மிஸ்டர் இன்று முன் சீட்டில் ஏறவில்லை, பின்னால் அவர்களோடு உட்கார்ந்தார். மேடம் அவர் தோளில் சாய்ந்தார். கோட்டை மோந்து பார்த்து, “இது என்ன வாசம்? ரொம்ப நன்றாக இருக்கிறதே” என்றார்.

மிஸ்டர் குழந்தையின் சீட் பெல்ட்டைச் சரிசெய்தார். மேடம் என்னைக் கேட்டார்.

“அர்பாப் வீட்டுப் புகை, மேடம். அகில் கட்டை.”

“எதற்குப் போடுவார்கள்?”

கண்ணாடியில் பார்த்தேன். மிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

“புதுசாக வருகிறவர்களுக்கு, மேடம்” என்றேன். வைப்பர் போட்டேன்.